காலைப் பார்த்தோம், படத்தைப் பார்த்தோமா?

2023 செப்டெம்பரில் ஒரு காட்சி நம்மில் பலருடைய கைத்தொலைபேசிகளுக்கு வந்து சேர்ந்தது. சவூதியின் அந்நஸ்ர் அணி, பெர்செபோலிஸ் கழகத்துடன் விளையாடத் தெஹ்ரானுக்குப் போயிருந்த நேரம் அது. ஓர் ஈரானியப் பெண் தான் வரைந்த ஓவியங்களைக் கிறிஸ்டியானோ ரொனால்டோவுக்குக் கொடுக்கிறார். அவர் கையொப்பமிட்ட ஜேர்சியைத் திருப்பிக் கொடுக்கிறார். "மாஷா அல்லாஹ், காலாலயே வரைஞ்சிருக்கா பாருங்க!" என்று எழுதி நாமும் நாலு பேருக்கு அனுப்பினோம். அதோடு நம்முடைய வேலை முடிந்தது.

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? பாத்திமா ஹமாமி நஸ்ராபாதி. இஸ்பஹானைச் சேர்ந்தவர். பிறப்பிலிருந்தே அவருடைய உடலின் 85 சதவீதம் செயலிழந்திருப்பதாகச் செய்திகள் கூறின. கால்விரல்களுக்கிடையே பென்சிலைப் பிடித்து மனித முகங்களை வரைகிறார். புகழ்பெற்ற விளையாட்டு வீரர்களின் முகங்கள் அவற்றில் முக்கியமானவை.

அடுத்த மாதம் வேறொரு கதை பரவியது. ரொனால்டோ அந்தப் பெண்ணை அணைத்துக்கொண்டதற்காக அவருக்கு 99 கசையடித் தண்டனை விதிக்கப்பட்டதாம்! ஸ்பெயினிலுள்ள ஈரானியத் தூதரகம் அதைப் பொய் என்று மறுத்தது. முதற் கதையில் பாத்திமா ஒரு 'பாவம்'. இரண்டாவது கதையில் ஒரு 'பிரச்சினை'. இரண்டிலும் ஓவியர் என்ற பாத்திமா இல்லை. நான் எழுத வந்தது இதைப் பற்றித்தான்.

ஈரானின் ஓவிய வரலாற்றில் கமாலுல் முல்க் என்ற பட்டத்தால் அறியப்படும் முஹம்மத் கப்பாரி பெரிய பெயர். ஐரோப்பிய யதார்த்த பாணியை அங்கே வேரூன்றச் செய்தவர். 1911இல் தெஹ்ரானில் நுண்கலைப் பள்ளியொன்றை நிறுவியவர். கடைசிக் காலத்தை நிஷாபூர்ப் பக்கத்தில் கழித்தபோது ஒரு கண்ணின் பார்வையை இழந்தார், 1940இல் காலமானார். அவரை யாரும் 'ஒற்றைக்கண் ஓவியர்' என்று அறிமுகப்படுத்துவதில்லை. குலிஸ்தான் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தை அவர் தீட்டிய விதத்தைத்தான் பேசுகிறார்கள். கண்ணாடிகளில் ஒளி சிதறுவதை எப்படிப் பிடித்தார், அதில் எங்கே வென்றார், எங்கே வெறும் நகலாக நின்றார் என்றெல்லாம் கேட்கிறார்கள். அவருக்குக் கிடைத்த அந்த மரியாதை பாத்திமாவுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? கமாலுல் முல்க் புகழடைந்த பிறகு கண்ணை இழந்தார், பாத்திமா இயலாமையோடே பிறந்தார் என்பது உண்மைதான். ஆனால் பார்ப்பவன் முன்னால் இருப்பது இருவரிடத்திலும் ஓவியம்தானே.

அப்படிப் பார்த்தால் என்ன தெரிகிறது? முதலில் உழைப்பு. பென்சில் வேலையில் இருட்டு ஒரே அழுத்தத்தில் வராது. கோட்டின் மேல் கோடாக அடுக்கிக் கொண்டுவர வேண்டும். கையால் வரைகிறவருக்கு மணிக்கட்டு சுழலும், விரல் நுனி அளவாக அழுத்தும். காலால் வரையும்போது அந்த நுட்பத்தைக் கணுக்காலும் விரல்களும் பழகிக்கொள்ள வேண்டும். அப்படியிருந்தும் முகச்சாயல் தவறாமல் வருகிறது. இது இரக்கத்துக்காகக் கிடைத்த மதிப்பெண் அல்ல, தேர்ச்சி.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். இந்த முகங்கள் புகைப்படத்துக்கு மிகவும் விசுவாசமானவை. ரொனால்டோவை உலகம் எப்படிப் பார்த்திருக்கிறதோ அப்படியே அவரும் காட்டுகிறார். பாத்திமா மட்டும் பார்த்த ரொனால்டோ யார், அவருடைய வீட்டு ஜன்னல் எப்படி இருக்கும், அவரைப் பராமரிப்பவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று நான் தேடுகிறேன். செய்திகள் நமக்குக் காட்டிய படங்களில் அது கிடைக்கவில்லை. ஒருவேளை அப்படியான படங்கள் இருந்தாலும், நட்சத்திர வீரரின் முகம் இல்லாததால் செய்தியாளர் அவற்றைப் படம்பிடிக்காமல் விட்டிருக்கலாம். அப்படியானால் குறை நம்முடையது.

"பாவம், அந்தப் புள்ளய ஏன் விமர்சிக்கிறீங்க?" என்று சிலர் கேட்கக்கூடும். உருவம் வரைவது ஆகுமா என்ற பழைய வாதத்தை இன்னும் சிலர் எழுப்பக்கூடும். அது வேறு கட்டுரைக்குரியது. முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நமது ஊர்களிலும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் பாடுகிறார்கள், எழுதுகிறார்கள். மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்திக் கண்ணீர் விட்டு அனுப்பிவிடுகிறோம். அந்தக் கவிதையின் மூன்றாம் வரி சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை. சொல்லாதவரை அந்தப் பிள்ளையைக் கவிஞராக நாம் ஏற்கவில்லை என்பதே பொருள்.

பாத்திமாவின் படம் மறுபடியும் உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தால், காலையும் ரொனால்டோவையும் கொஞ்சம் மறந்துவிட்டு, காகிதத்திலிருக்கும் கோடுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிடித்தால் ஏன் பிடித்தது என்று எழுதுங்கள். பிடிக்காவிட்டால் அதையும் எழுதுங்கள்.