மழைத்துளி வெப்பமானியா?

ஆடிப் பதினெட்டன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மேட்டூரில் உரிய காலத்தில் நீர் திறந்துவிட்ட ஆண்டென்றால் காவிரி இரு கரையும் தொட்டு ஓடும். தலைக்கு மேலே வானமோ வெளுத்துக் கிடக்கும். திருச்சிராப்பள்ளியின் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். அப்படியானால் ஆடியில் ஓடும் இந்த நீர் எந்த ஊர் மழை? பெரும்பகுதி குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவக்காற்று பொழிந்த மழை. ஐப்பசியில் உங்கள் வீட்டுக் கூரையிலிருந்து வழியும் நீரோ வங்காள விரிகுடாப் பக்கமிருந்து வந்தது. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. இவற்றைப் பிரித்தறிய ஏதேனும் அடையாளம் உண்டா?

உண்டு. நீரிலுள்ள ஐசோடோப்புகளே அந்த அடையாளம். ஆனால் இவற்றைப் பற்றிப் பொதுவாக நாம் படிப்பதும் கேட்பதும் ஒரே ஒரு வாக்கியந்தான்: நீரின் ஐசோடோப்பு பழங்கால வெப்பமானி. கேட்க அழகாக இருக்கிறது. மனத்திலும் எளிதில் பதிந்துவிடுகிறது. அது எவ்வளவு தூரம் உண்மை என்று விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு அடிப்படையான மூலக் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். டென்மார்க் நாட்டு விஞ்ஞானி வில்லி டான்ஸ்கார்ட், 'மழைப்பொழிவில் நிலையான ஐசோடோப்புகள்' என்ற பொருளில் 1964-இல் 'டெல்லஸ்' என்னும் ஆராய்ச்சி இதழில் எழுதிய கட்டுரை அது.

கனத்த நீரும் இலேசான நீரும்

முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். ஆக்ஸிஜன் அணுக்களில் மிகப் பெரும்பாலானவை 16 என்ற நிறை கொண்டவை. ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒன்று மட்டும் 18 நிறை கொண்டது. ஹைட்ரஜனிலும் டியூட்டீரியம் என்ற கனத்த வகை மிகச் சிறிதளவு உண்டு. கடல்நீர் ஆவியாகும்போது இலேசான மூலக்கூறுகள் சற்று எளிதாக மேலெழும். ஆவி குளிர்ந்து மழையாகும்போது கனத்தவை சற்று முந்தி இறங்கும்.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் ஒரு பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டை முடிச்சோடு ஏறியவர்களில் அதிகம் பேர் முதல் சில நிறுத்தங்களிலேயே இறங்கிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசி நிறுத்தத்தை அடையும்போது வண்டியில் மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் வெறுங்கையினர். மேகமும் அப்படியே. வழியெல்லாம் மழையை இறக்கிக்கொண்டே செல்லும் மேகத்தில் கனத்த நீர் குறைந்துகொண்டே வரும். துருவத்தை நெருங்கும்போது மிகவும் இலேசாகிவிடும்.

இங்கே வெப்பநிலை எப்படி நுழைகிறது? குளிர்ந்த காற்றால் குறைந்த ஆவியையே தாங்க முடியும். ஆகவே மேகம் எவ்வளவு குளிர்ந்த இடத்துக்குப் போகிறதோ, அவ்வளவு நீரை வழியில் இறக்கியிருக்கும். மிஞ்சிய பனியின் இலேசுத்தன்மையைக் கொண்டு அந்த இடத்தின் குளிரைக் கணக்கிடலாம். சராசரிக் கடல்நீரைப் பூஜ்யம் என்று வைத்து, அதைவிடக் கனத்த ஆக்ஸிஜன் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு குறைகிறது என்பதை எதிர்மறை எண்ணாகச் சொல்வது வழக்கம். இதற்கு 'டெல்டா' என்று பெயர்.

ஒரு பாட்டிலும் ஒரு புனலும்

டான்ஸ்கார்டின் தொடக்கம் மிக எளியது. 1952 ஜூன் மாதம் கோபன்ஹேகனில் தம் வீட்டுப் புல்தரையில் ஒரு பீர் பாட்டிலை வைத்து, அதன் வாயில் ஒரு புனலைச் செருகி மழைநீரைப் பிடித்தார். மழை மேகம் நகர நகர நீரின் ஐசோடோப்பு அளவும் மாறுவதைக் கருவியில் கண்டார். 1961-இல் சர்வதேச அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் சேர்ந்து பல நாடுகளில் மழைநீரைச் சேகரிக்கத் தொடங்கின. அந்த அளவீடுகளையும் சேர்த்து எழுதியதே 1964-ஆம் ஆண்டுக் கட்டுரை.

அதில் ஒரு சூத்திரம் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலையை 0.69-ஆல் பெருக்கி, 13.6-ஐக் கழித்தால் டெல்டா கிடைக்கும். கிரீன்லாந்துப் பனிமேட்டின் உச்சிக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே சராசரி சுமார் மைனஸ் 31 டிகிரி. விடை மைனஸ் 35. அங்குள்ள பனியை அளந்தாலும் ஏறத்தாழ அதுவே வருகிறது. 1966-இல் கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரியில் பனியை அடிவரை துளைத்து, சுமார் 1,390 மீட்டர் நீளத்துக்குத் தூண் தூணாக எடுத்தார்கள். அதிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகளின் தட்பவெப்ப வரலாற்றை டான்ஸ்கார்டும் கூட்டாளிகளும் 1969-இல் வெளியிட்டார்கள். ஒரு பாட்டிலும் புனலுமாகத் தொடங்கிய வேலைக்கு இது சிறிய வெற்றியன்று.

திருச்சிக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது அதே சூத்திரத்தில் திருச்சியை வைத்துப் பாருங்கள். நம் ஊரின் ஆண்டுச் சராசரி சுமார் 29 டிகிரி. 0.69-ஆல் பெருக்கினால் 20. அதிலிருந்து 13.6-ஐக் கழித்தால் பிளஸ் 6.4! அதாவது திருச்சியில் கடல்நீரைவிடக் கனத்த மழை பெய்ய வேண்டும். உண்மையில் நம் பருவமழையின் சராசரி எதிர்மறை எண்ணாகவே இருக்கிறது. வெப்பமானி இங்கே பொய் சொல்கிறது.

குற்றம் யாருடையது? டான்ஸ்கார்டுடையது அன்று. வட அட்லாண்டிக், கிரீன்லாந்து போன்ற குளிர்ப்பகுதிகளின் ஆண்டுச் சராசரிகளைக் கொண்டே அவர் அந்தக் கோட்டை வரைந்தார். வெப்பமண்டலத்தில் வெப்பநிலை அன்றி மழையின் அளவே முக்கியம், பெருமழை பெய்யும் மாதத்தில் டெல்டா குறையும் என்று அதே கட்டுரையில் சொன்னார். எடுத்துச் சொன்னவர்கள் பனியைப் பற்றிய பாதியை வைத்துக்கொண்டு, மழையைப் பற்றிய பாதியை விட்டுவிட்டார்கள். நாமெல்லாம் வாழ்வது அந்த விட்டுப்போன பாதியில்தான்!

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நம் நாட்டுக் குகைப் படிவிலோ மரத்தின் ஆண்டு வளையத்திலோ டெல்டா உயர்ந்திருப்பதைக் காணும் மாணவர், 'அக்காலம் வெப்பமானது' என்று எழுதிவிடுவார். அது பருவமழை பொய்த்த காலமாக இருக்கலாம். பஞ்சத்தின் சாட்சியை வெயிலின் சாட்சியாகப் படிப்பது சிறு பிழையா?

மூலக் கட்டுரையிலும் குறை உண்டு

மூலக் கட்டுரையையும் அப்படியே தொழ வேண்டியதில்லை. கிரீன்லாந்திலேயே அதன் சூத்திரம் தடுக்கியது. பனியின் ஆழத்தில் பழைய குளிர் இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கிறது. துளைத்த குழிக்குள் நேரடியாக வெப்பநிலையை அளந்தவர்கள் 1995-இல் ஒன்றைக் கண்டார்கள்: பனியுகத்தின் குளிர், சூத்திரம் சொன்னதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு கடுமையானது. காரணம் என்ன? பனியுகத்தில் குளிர்காலப் பனிப்பொழிவு மிகவும் குறைந்துபோனால், கோடைப் பனியின் அடையாளமே பெரும்பாலும் மிஞ்சும். கடுங்குளிரில் தூங்கிவிட்ட வெப்பமானி அது! இன்று இடத்துக்கு இடம் காணும் வேறுபாட்டைக் காலத்துக்குக் காலம் உள்ள வேறுபாடாக மாற்றிப் படித்ததே தவறு.

மழையளவு பற்றிய விதியும் முழுமையன்று. அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய ஆர். ரமேஷ் இத்துறையில் நாடறிந்த பெயர். 1998-இல் பட்நாகர் பரிசு பெற்றவர். அவரும் லக்ஷ்மி முதலிய கூட்டாளிகளும் கேரளத்து மழையை நாள்தோறும் சேகரித்து ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டனர். ஓரிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதைவிட, அந்தக் காற்று வரும் வழியில் எவ்வளவு பரந்த மேகத் திரள்கள் எழுந்து பொழிந்தன என்பதே டெல்டாவை முடிவு செய்கிறது என்றனர்.

ஆக, ஐசோடோப்பு வெப்பமானியன்று, மழைமானியும் அன்று. அது நீரின் பயணக் குறிப்பு. வெப்பநிலை அப்பயணத்தில் ஒரு செய்தி மட்டுமே.

ஆர்க்டிக்கிலும் இன்று இந்தப் பார்வைதான் பயன் தருகிறது. ஆக்ஸிஜனையும் டியூட்டீரியத்தையும் சேர்த்துப் பார்த்தால், நீர் எத்தகைய கடற்பரப்பிலிருந்து, எத்தகைய காற்றில் ஆவியானது என்பதற்கும் தடயம் கிடைக்கும். 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் கடும்பனி பெய்தது. அப்போது வடபின்லாந்தில் காற்றின் ஈரத்தை அளந்தவர்கள், அதில் பெரும்பங்கு பனி மூடாத பாரன்ட்ஸ் கடலிலிருந்து எழுந்தது என்று கண்டனர். கடற்பனி உருகினால் நிலத்தில் பனி கூடுதலாகப் பெய்யக்கூடும்! வெப்பமானியாக மட்டும் படித்திருந்தால் இந்த முடிச்சு அவிழ்ந்திருக்காது.

ஸ்ரீரங்கத்துக் கிணறு

மீண்டும் நம் தீவுக்கு வருவோம். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். நடுவில் ஒரு வீட்டுக் கிணறு. அதில் ஊறுவது ஆற்று நீரா, அந்தத் தெருவில் பெய்த மழையா? கோழிக்கோட்டில் செய்த ஆய்வுகள், தென்மேற்குப் பருவமழையைவிட வடகிழக்குப் பருவமழை இலேசானது என்று காட்டுகின்றன. மேலும் மேட்டூர் அணையில் தேங்கி வெயிலில் ஆவியாகும் நீரில் கனத்த பங்கு கூடும். ஆகவே ஆற்று நீரையும் உள்ளூர் மழையையும் பிரித்தறிய வழி இருக்கிறது. ஆற்று மணல் அள்ளப்பட்டு நீர்மட்டம் இறங்கும்போதும், மேட்டூர் மூடிக்கிடக்கும்போதும் எந்தக் கிணறு முதலில் வற்றும் என்பதை முன்கூட்டி அறிய இது உதவும்.

கருவிக்கும் எல்லை உண்டு. ஐப்பசியில் அரங்கநாதருக்குத் திருமஞ்சன நீர் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் வரும். மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் வரும். கோயிலார் பிரித்தறியும் இவ்விரு நீரையும் ஐசோடோப்புக் கருவி பிரித்தறிவது கடினம். முக்கொம்பில் பிரிந்த ஒரே நீர்தானே இரண்டும்!

வாசகர்களே, இனி 'ஐசோடோப்பு இப்படிச் சொல்கிறது' என்று எங்கேனும் படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். நீராவி எந்தக் கடலில் எழுந்தது? எந்த வழியாக வந்தது? எந்தப் பருவத்தில் விழுந்தது? இம்மூன்றுக்கும் விடை சொல்லாமல் டிகிரிக் கணக்கு மட்டும் சொல்லும் கட்டுரையைப் பாதிக் கட்டுரை என்றே கொள்ளுங்கள். மறு பாதியை எழுதத் தேவையான மழை, ஒவ்வோர் ஐப்பசியிலும் உங்கள் வீட்டு முற்றத்திலேயே பெய்கிறது.