புல்லோடு புல்லாக ஒரு வேட்டைக்காரன்

கொள்ளைக்கார ஈ என்றதும் பூச்சி ஆர்வலர்களுக்குத் தாடி வைத்த முரட்டு உருவம்தான் நினைவுக்கு வரும். உட்கார்ந்திருந்து, பறந்துபோகும் இரையைப் பாய்ந்து பிடிக்கும் ரகம். அந்தக் குடும்பத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எனக்குப் பிடித்தது அதிலுள்ள ஒல்லிக் கிளைதான்: லெப்டோகாஸ்டர் என்ற பேரினம். 1803இல் பூச்சியியலாளர் மெய்கன் வைத்த பெயர்.

கோடையில் இங்கிலாந்துப் புல்வெளிகளில் இதைப் பார்க்கலாம். ஒன்றரை சென்டிமீட்டர்கூட இராது. குச்சி போன்ற வயிறு, நீண்டு தொங்கும் பின்னங்கால்கள். புல்தண்டுகளுக்கு நடுவே அவசரமே இல்லாமல் மிதந்து செல்லும். புல்தாளில் அமர்ந்திருக்கும் அசுவினியையோ சிறு பூச்சியையோ அப்படியே கவ்விக்கொள்ளும். பிறகு வாயலகைக் குத்தி, உமிழ்நீரால் உள்ளே கரைத்து உறிஞ்சும். மற்ற பெரும்பாலான கொள்ளைக்கார ஈக்களின் நகங்களுக்கடியில் இருக்கும் மெத்தைகள் இதற்கு இல்லை. புல்தாளைப் பற்றித் தொங்க நகமே போதும். தொங்கும்போது பார்த்தால் காய்ந்த துரும்பு என்றே நினைப்போம்.

பிரிட்டனில் இந்தப் பேரினத்தில் இரண்டே இனங்கள். ஒன்றின் பின்தொடையில் செம்மஞ்சள் சாயல். உலகம் முழுக்க இருநூறுக்கு மேல். இந்த ஒல்லிக் கிளையைச் சேர்ந்தவை இந்தியாவிலும் உண்டு. உயரமான புல்லைக் கடக்கும்போது சற்றுக் குனிந்து பாருங்கள்.