குயிலின் முட்டை: நூல் மதிப்புரை

குயில் காக்கையின் கூட்டில் முட்டையிட்டுப் போகும். காக்கையும் தன்னுடையதென்று அடைகாக்கும். கணிப்பொறிக்குள் நடந்த இத்தகைய வஞ்சகத்தைச் சொல்வது, அமெரிக்க வானியலார் கிளிஃபோர்டு ஸ்டோல் 1989-இல் எழுதிய ‘குயிலின் முட்டை’ என்னும் ஆங்கில நூல்.

1986-இல் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறிக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. அற்பத் தொகைதானே என்று ஆசிரியர் விட்டுவிடவில்லை. துருவிப் பார்த்தபோது, அன்றைய மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து ஒருவன் நுழைவது தெரிந்தது. ஒரு மென்பொருளின் ஓட்டை வழியே தன் நிரலை அவன் புகுத்தியிருந்தான். வேறு பல கணிப்பொறிகளில் அந்தச் சிரமமும் இல்லை. விற்றவர்கள் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை!

நூலின் சிறந்த பகுதி பொறி வைத்த கதை. ஆசிரியர் போலி ராணுவ ஆவணங்களை இரையாக வைத்தார். அவற்றைப் படிக்கும் ஆசையில் அவன் நெடுநேரம் இணைப்பிலேயே இருக்க, தொலைபேசித் தடம் அகப்பட்டது. கைதேர்ந்த திருடனையே ஆசை கவிழ்த்ததென்றால், ‘உங்களுக்குப் பரிசு’ என்று வரும் மின்னஞ்சலின் முன் நாம் எம்மாத்திரம்?

குறையும் உண்டு. ஆசிரியரின் வீட்டுச் செய்திகள் துப்பறியும் வேகத்தைக் கெடுக்கின்றன. வீட்டுக் கணிப்பொறி வைத்திருப்போருக்கு நேரான அறிவுரையும் இல்லை. அதை நீங்களே வடித்தெடுக்க வேண்டும். மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள். இணையக் கருவியுடன் வந்த கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். ஆசை காட்டும் செய்தியை ஐயத்தோடு பாருங்கள். வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் ஏனென்று கேளுங்கள். ஸ்டோல் கேட்டது 75 சென்ட்டுக்குத்தான்.