திரெட் பூலும் சேவைத் தரமும்

வரும் கோரிக்கைகளைக் கவனிக்க வலைச் சேவையகம் வைத்திருக்கும், எண்ணிக்கை வரம்புக்குட்பட்ட திரெட்களின் (இணையாக இயங்கும் செயல் இழைகளின்) தொகுதியே திரெட் பூல். டாம்கேட் என்னும் ஜாவா வலைச் சேவையகத்தில், யாரும் மாற்றாதவரை, இந்த வரம்பு 200. திருமலையின் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட்டுகள் இணையத்தில் திறக்கும்போது கார்வேட்டிநகரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பக்தர்கள் ஒரே நேரத்தில் குவிகிறார்கள். அத்தகைய நெரிசலில் ஆளுக்கொரு திரெட் என்று திறந்துகொண்டே போனால் நினைவகம் தீர்ந்து சேவையகமே படுத்துவிடும். அதைத் தடுப்பதுதான் பூலின் முதல் பயன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பூலைப் பிரித்துச் சேவைத் தரத்தை நிர்வகிப்பது அடுத்த படி. தேதி பார்ப்பவர்களுக்கு 150, பணம் கட்டுபவர்களுக்கு 50 என்று ஒதுக்கினால், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தால் டிக்கெட்டைப் பிடித்துவிட்டவரின் பணப் பரிமாற்றம் நடுவில் அறுந்துபோவது குறையும். இந்த ஒரு பிரிவினைக்காகவே இம்முறையை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பூல் எண்ணுவது திரெட்களைத்தான், நேரத்தை அல்ல. ஒரு கோரிக்கை 0.1 நொடியில் முடிந்தால் அந்த 50 திரெட்கள் நொடிக்கு 500 பேரைக் கவனிக்கும். வங்கியின் பதில் 5 நொடி தாமதித்தால் 10 பேரைத்தான் கவனிக்க முடியும். தேதி பார்ப்பவர்களின் திரெட்கள் அப்போது சும்மா கிடந்தாலும் கைகொடுக்க வழியில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை பின்புறத்தில் இருக்கிறது. இரு பூல்களும் ஒரே தரவுத்தளத்தைத்தான் கேட்கின்றன. தரவுத்தள இணைப்புகளைப் பூலாக வைத்திருக்கும் ஹிக்காரிசிபி நூலகத்தின் இயல்பு வரம்பு 10 இணைப்புகள். தேதி பார்க்கும் திரெட்கள் அந்தப் பத்தையும் பிடித்துக்கொண்டால், பணம் கட்டும் திரெட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். திருமலையில் பக்தர்கள் தரிசனத்துக்குக் காத்திருக்கும் வைகுண்டம் வளாகத்தில் அறைகளைக் கூட்டினாலும் சன்னதியில் வரிசை நகரும் வேகம் கூடாது. இங்கும் அதே கதைதான். முன்னுரிமை வேண்டுமென்றால் தரவுத்தள இணைப்புகளையும் பிரித்தாக வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறுவது வரிசையை. ஜாவாவின் நியூஃபிக்ஸ்டுதிரெட்பூல் திரெட்களுக்கு வரம்பு வைக்கிறது; காத்திருக்கும் வரிசைக்கு வைப்பதில்லை. பொறுமையிழந்தவர் பக்கத்தைப் புதுப்பித்த பிறகும் அவருடைய பழைய கோரிக்கை வரிசையிலேயே கிடந்து, யாருக்கும் தேவைப்படாத பதிலுக்காக ஒரு திரெட்டைத் தின்கிறது. நீண்ட வரிசையைவிட, ‘சற்றுப் பொறுத்து வாருங்கள்’ என்று 503 குறியீட்டை உடனே அனுப்புவதே நேர்மையான சேவை.

2023இல் ஜாவா 21 கொண்டுவந்த மெய்நிகர் திரெட்கள் மிக மலிவானவை. அவற்றைப் பூலில் சேமித்து வைக்கத் தேவையில்லை. அங்கே கட்டுப்பாடு செமஃபோர் (ஒரே நேரத்தில் எத்தனை பேர் நுழையலாம் என்று எண்ணி அனுமதிக்கும் கருவி) வழியாகத் தரவுத்தளம், வங்கி இணைப்பு போன்ற உண்மையான முட்டுக்கட்டைகளின் வாசலுக்கே இடம்பெயர்கிறது.