பல அளவுகோல் முடிவெடுத்தலில் முரண்படும் நோக்கங்கள்: திருக்குறளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஒரு முடிவில் பல நோக்கங்கள் தம்முள் முரண்படும்போது அவற்றை இணக்கும் நெறிகளை ஆராய்வது பல அளவுகோல் முடிவெடுத்தல் என்னும் துறை. 504ஆம் குறளைச் சான்றாக்கி, நிறைகுறைகளை எடையிட்டுக் கூட்டும் முறையே வள்ளுவரின் முறை எனக் கொள்ளுதல் எளிது. அவ்வாசிப்பு முழுமையானதன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ஈடுசெய்யும் நெறி

கற்றுத் தேர்ந்தவரிடத்தும் அறியாமை அறவே இல்லாமை அரிது என்கிறது 503ஆம் குறள். ஆகவே குணம், குற்றம் இரண்டையும் ஆராய்ந்து மிக்கதனால் துணிதல் அடுத்த குறளில் இன்றியமையாததாகிறது. அம்மிகுதி தலைமையாலும் அமையலாம், பன்மையாலும் அமையலாம் என்பது பரிமேலழகர் விளக்கம். எனவே எண்ணிக்கை மட்டும் போதாது. ஒவ்வொன்றின் முதன்மையும் கருதப்பட வேண்டும். தாமஸ் சாட்டி 1970களில் வகுத்த படிநிலைப் பகுப்பாய்வு முறை, அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை காண்பது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

ஈடுசெய்யா நெறி

வரவிருக்கும் ஆக்கம் கருதிக் கைம்முதலை இழக்கும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்பது 463ஆம் குறளின் கருத்து. இங்கு ஆக்கத்தின் அளவு வினவப்படவே இல்லை. முதல் என்பது கடக்கலாகா எல்லையாக நிற்கிறது. 656ஆம் குறள் இன்னும் கடுமையானது. பெற்ற தாயின் பசி என்னும் பேரெடையும் சான்றோர் பழிக்கும் வினைக்கு ஈடாகாது என்கிறது. பசித்த முதுபெற்றோரைத் தீயன செய்தேனும் காக்க என்னும் அறநூற் பொதுவிதி அமைச்சர்க்குப் பொருந்தாது எனப் பரிமேலழகர் இம்முரணைத் தீர்க்கிறார். அளவுகோல்களின் வரிசை முடிவெடுப்பவரின் பொறுப்பைச் சார்ந்தது என்பது இதனால் பெறப்படும். பெர்னார் ருவா 1960களில் தொடங்கிய எலெக்ட்ர் முறைகளிலும், ஓர் அளவுகோலின் எதிர்ப்பு வரம்பு மீறினால் ஏனையவற்றின் ஆதரவு பயன்படாது.

முடிவுரை

504ஆம் குறள் ஆளைத் தெரிவது பற்றியது; ஏனைய இரண்டும் செயலைத் தெரிவது பற்றியன. இவ்வேறுபாட்டை மறந்து ஒரே சூத்திரமாக்குதல் பொருந்தாது. விலக்கத்தக்கனவற்றை முதலில் விலக்கி, எஞ்சியவற்றை எடையிடுக என வள்ளுவர் ஓரிடத்தில் வகுத்துரைக்கவில்லை. மூன்று அதிகாரங்களையும் ஒருங்கு நோக்குங்கால் அவ்வரிசை புலனாகிறது. அனைத்தையும் ஒரே எண்ணாகக் கூட்டினால் பேராதாயம் இழிசெயலையும் மறைத்துவிடும். எடையிடும் குறளை மட்டும் எடுத்துக்காட்டும் ஆய்வு, அவ்வாபத்தைத் தடுக்கும் குறள்களைக் கைவிட்டுவிடுகிறது.