மூன்று சதவீதம் என்னும் சொல்லாடல்

2021 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட நிதி வெள்ளை அறிக்கையை ஒரு பிரதியாக வாசித்தாக வேண்டும். அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட அதில் எல்லார் மனசிலும் தங்கியது ஒரே எண்: குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன். அரசின் கடனைக் குடும்பக் கடனாக்கும் இந்தச் சொல்லாடல் நம்மிடம் உடனே எடுபடும். 'வரவுக்கு மேல செலவு பண்ணினா தெருவுலதான் நிக்கணும்' என்பது எல்லா வீட்டிலும் புழங்கும் பொருளாதாரம்.

அரசு குடும்பமல்ல, நோட்டடிக்கும் உரிமை அதற்குண்டு என்பார்கள் தோழர்கள். தில்லிக்கு இது ஓரளவு பொருந்தும், சென்னைக்குப் பொருந்தாது. யூரோவுக்குள் கிரேக்கம் எப்படியோ அப்படித்தான் ரூபாய்க்குள் தமிழ்நாடு. நாணயம் பொது, அச்சகம் நம் கையில் இல்லை. ஒருவர் அளவின்றிக் கடன் வாங்கினால் சுமை மற்றவர் தலையிலும் விழும். ஆகவே கட்டுப்பாடே கூடாதென்று நான் வாதாடவில்லை. அளப்பவரை யார் அளப்பது என்பதே என் கேள்வி.

1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் பற்றாக்குறைக்கு 3 சதவீதம், கடனுக்கு 60 சதவீதம் என்று கோடு கிழித்தது. ஜெர்மனியும் பிரான்சும் அதைத் தாண்டியபோது, 2003 நவம்பரில் நடவடிக்கை நிறுத்திவைக்கப்பட்டது. 2010இல் கிரேக்கம் மாட்டியபோது ஓய்வூதியத்திலேயே கைவைத்தார்கள். கோடு ஒன்றுதான், தாண்டுகிறவரைப் பொறுத்து அது ரப்பராகும், இரும்பாகும்.

இங்கே அந்தக் கோட்டின் பெயர் அரசியல் சட்டப் பிரிவு 293. மத்திய அரசுக்குக் கடன் பாக்கி இருக்கும் மாநிலம் அதன் சம்மதமின்றிப் புதுக்கடன் வாங்க முடியாது. சம்மதத்தோடு நிபந்தனையும் வரலாம். 2020-21இல் மத்திய அரசின் பற்றாக்குறை 9.2 சதவீதம். கொரோனா ஆண்டு, ஒப்புக்கொள்வோம். ஆனால் அதே ஆண்டில் மாநிலங்கள் 3இலிருந்து 5க்குப் போக, பெரும்பகுதிக்கு நிபந்தனை. அவற்றில் ஒன்று, உழவர்களின் இலவச மின்சாரத்தை வங்கிக் கணக்கில் போடும் பணமாக மாற்றுவது. நெல்லிக்குப்பத்துக் கரும்புக் கொல்லையின் மோட்டாருக்கும் தில்லியின் சதவீதத்துக்கும் முடிச்சு விழுவது இப்படித்தான்.

இன்னொரு முடிச்சு, இதே கடலூர் மாவட்டத்து நெய்வேலியில். நிலம் கொடுத்தவர்கள் நம்ம ஜனங்க. நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு மத்திய அரசிடம். அதன் மின்சாரத்தை வாங்குவது நம் மின்வாரியம். 2017இல் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது வாரியக் கடனில் 22,815 கோடியை மாநிலம் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. மத்திய மின் நிறுவனங்களுக்குப் பாக்கி விழுந்தால், முத்தரப்பு ஒப்பந்தப்படி மாநிலத்தின் ரிசர்வ் வங்கிக் கணக்கிலேயே பிடித்துக்கொள்ள வழி செய்தார்கள். வெறும் மிரட்டல் இல்லை: 2020 அக்டோபரில் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தின் பாக்கிக்காக ஜார்கண்டின் கணக்கிலிருந்து 1,417 கோடிக்கு மேல் எடுக்கப்பட்டது. விற்கிறவரும் வசூலிக்கிறவரும் கடனுக்கு வரம்பு போடுகிறவரும் ஒரே ஆள். இதை நிதி ஒழுக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேரளம் தொடுத்த வழக்கில் 293இன் பொருளை அரசியல் சாசன அமர்வு விளக்கட்டும் என்று 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அனுப்பியது. நாம் தீர்ப்புக்காகக் கைகட்டி நிற்கத் தேவையில்லை. மாநிலங்களும் உட்கார்ந்து பேசும் ஒரு பொது மன்றம் வரம்பை வகுக்கட்டும். அது தில்லியையும் கட்டட்டும். கூடவே மின்வாரியக் கணக்கை முழுசாகத் திறந்து வைக்கும்படி சென்னையையும் கேட்போம். கணக்கை மூடி வைப்பவன் சுயாட்சி பேசினால் ஊர் நம்பாது.