மஞ்சள் காவி ஏறிய பட்டாசாலை

மதுரைப் பக்கம் வீட்டுக்கு உள்சுவர் வர்ணம் தேடுகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது மஞ்சள் காவி. சுண்ணாம்பில் கலந்த மஞ்சள் காவி. திருவாதவூரில் எங்கள் அப்பத்தா வீட்டுப் பட்டாசாலைக்கு அதை அடித்ததிலிருந்து எனக்கு வேறு பேச்சே இல்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதும் அதைத்தான் பேசுகிறேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் அதைத்தான் பேசுகிறேன். அவ்வளவு அழகாக வந்திருக்கிறது!

ஊர்ப் பெயரைச் சொன்னால் மாணிக்கவாசகர் பிறந்த ஊர்தானே என்பார்கள். கபிலர் பிறந்ததும் இங்கேதான் என்று ஊரில் பெருமையாகச் சொல்வோம். ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டை விட்டுத் திரும்பினால், யானைமலை முதுகுக்குப் பின்னால் போகப் போக, வயலும் கண்மாயுமாக விரியும் சமவெளி. அப்பத்தா வீடு நாட்டு ஓடு போட்ட வீடு. சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர், நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், காலப்போக்கில் வழவழத்துப்போன சிவப்பு சிமெண்ட் தரை. இடையில் ஒரு காலத்தில் சுவருக்கு எமல்ஷன் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை வாங்கும், வாங்கியதைக் காற்றில் விட்டுவிடும். அதன் மேல் பிளாஸ்டிக் தோல் மாதிரி பெயிண்ட் உட்கார்ந்தால் ஓதம் வெளியே போக வழியில்லை. சுவர் பொக்கு பொக்காக எழும்பி, உப்புப் பூத்து, தொட்டால் உதிரும். எங்கள் பட்டாசாலை அந்த நிலையில்தான் இருந்தது. அதைச் சுரண்டி எடுக்காமல் சுண்ணாம்பு ஒட்டாது என்பதால் முதலில் சுரண்டல் வேலை. தூசி பறக்கிற, அலுப்பான வேலைதான், ஆனால் அது முடிந்து பழைய சாந்து வெளியே தெரிந்தபோதே வீடு பாதி மூச்சுவிட்டுவிட்டது.

பெயிண்ட் கடையில் ஷேடு கார்டு தருவார்கள். தபால்தலை அளவில் ஆயிரத்துச் சொச்சம் நிறங்கள். அதில் பார்த்து மனசுக்குப் பிடித்ததை அப்படியே சுவருக்கு எடுத்தால் வீடு கத்த ஆரம்பித்துவிடும். காரணம் எளிது. ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவரில் போய் அடிக்கிறது, அங்கிருந்து இங்கே திரும்புகிறது. ஒவ்வொரு தடவையும் நிறம் கொஞ்சம் ஏறுகிறது. நாலு சுவரும் மஞ்சள் என்றால் மூலையில் அது இரட்டை மஞ்சளாகத் தெரியும். அதனால் கார்டில் பிடித்த நிறத்துக்கு ஒரு படி, முடிந்தால் இரண்டு படி வெளிறியதை எடுக்க வேண்டும். அதையும் கடையில் வைத்து முடிவு செய்யவே கூடாது. அந்த அறையின் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காலையில் ஒரு பார்வை, உச்சியில் ஒரு பார்வை, விளக்கேற்றிய பிறகு ஒரு பார்வை. நாலு நிறத்தைப் பக்கத்துப் பக்கத்தில் அடித்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும், தள்ளித் தள்ளி அடியுங்கள்.

சுண்ணாம்புக்கு இந்தக் கத்தல் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. அதனால்தான் எனக்கு அதன் மேல் இவ்வளவு பித்து. சுண்ணாம்பு தன்னளவுக்கு மேல் வர்ணப்பொடியைப் பிடித்துக்கொள்ளாது. அதிகமாகப் போட்டால் கையில் மாவாக ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆகவே எவ்வளவு ஆசைப்பட்டாலும் நிறம் ஒரு மென்மைக்குள்தான் நிற்கும். பழைய வீடுகளில் எந்தச் சுவரும் கண்ணைக் குத்தாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு குணமும் உண்டு. சுண்ணாம்பின் காரத்தில் பல சாயங்கள் வெளுத்துப்போகும். மண்ணிலிருந்து வருகிற காவிகள் மட்டும் அசையவே அசையாது. செங்காவி, மஞ்சள் காவி இரண்டுமே இரும்புத் தாதுதான். மஞ்சள் காவிக்குள் தண்ணீர் கட்டுண்டு இருக்கிறது, அவ்வளவே. அதைச் சுட்டு அந்தத் தண்ணீரை விரட்டினால் அதுவே சிவப்பாகிவிடும்! ஒரே மண்ணின் இரண்டு முகங்கள் என்பதால் இந்த இரண்டு நிறமும் ஒன்றுக்கொன்று சண்டை போடுவதே இல்லை. மஞ்சள் சுவருக்கு அடியில் முழ அகலத்துக்குச் செங்காவிப் பட்டை ஓட்டிப் பாருங்கள், நான் சொல்வது புரியும். துடைக்கும்போது தெறிக்கிற அழுக்குத் தண்ணீரையும் அந்தப் பட்டை மறைத்துவிடும்.

இது ஏதோ ஏழைக்கேற்ற மலிவு வேலை என்று நினைப்பவர்களைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போக வேண்டும். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் அந்தக் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக்குளம் தீட்டியிருக்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டு, பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலம். சுண்ணாம்புப் பூச்சின் மேல் காவியும் மஞ்சள் காவியும் கரியும்தான் அங்கே பெரும்பகுதி வேலை பார்த்திருக்கின்றன. அந்தக் கோயிலைப் புதுக்கிய மனிதர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. நம்ம ஊர்க்காரர்! ஆயிரம் வருஷத்துக்கு மேல் கழித்து அதே மண்ணை நான் ஒரு வாளியில் கரைத்தேன் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் மேல் சிலிர்க்கிறது.

வேலை எப்படி நடந்தது என்று சொல்லாமல் விட முடியாது. சுண்ணாம்புக்கல்லைக் காளவாசலில் சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டு எடுத்த கட்டிகள் மூட்டையாக வந்தன. தொட்டியில் தண்ணீர் விட்டு அந்தக் கட்டிகளைப் போட்டதும் புஸ்ஸென்று ஆவி கிளம்பிக் கொதிக்க ஆரம்பித்தது. குழந்தைகளைத் தள்ளியே நிறுத்தினோம், கண்ணில் தெறித்தால் ஆபத்து. நன்றாக நீர்த்து ஆறட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, கொஞ்சம் கோந்தும் உப்பும் சேர்த்தார் கொத்தனார் பெரியவர். அதில் ஊறவைத்த மஞ்சள் காவி. மட்டையும் அவர் கொண்டுவந்ததுதான், தாழை விழுதை நுனி தட்டிச் செய்தது. சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு முதல் கை மேலிருந்து கீழாக இழுத்தார்.

எனக்குப் பகீரென்றது. சுவரில் சேற்றைப் பூசியதுபோல மங்கலாக, பழுப்பாக இருந்தது. பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காஞ்ச பெறகு பாருங்க தாயி. ஈரத்துல சுண்ணாம்பு தன் நெறத்தக் காட்டாது."

இரண்டாவது கை குறுக்கே, மூன்றாவது கை மறுபடி நெடுக. சாயங்காலம் முற்றத்து ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. பழுப்பு விலக விலக உள்ளேயிருந்து வெளிச்சம் ஏறியது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அப்போது உண்டாகிற பொடிப்பொடிப் படிகங்கள் வெளிச்சத்தை உள்ளே வாங்கிச் சிதறவிடுகின்றன. எமல்ஷன் சுவரில் நிறம் மேலோட்டமாகப் படிந்திருக்கும். இங்கே நிறத்துக்கு ஆழம் இருக்கிறது. மட்டை போன தடம் லேசாகத் தெரிகிறது, ஒரு சாண் சுவர் அடுத்த சாண் மாதிரி இல்லை. நான் கையை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தேன்.

தை மாதத்தில் அடித்ததும் நல்லதாயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து சுவர் உலர்ந்திருக்கும், வெயிலும் கடுமையாகியிருக்காது. சித்திரை வெயிலில் அடித்தால் சுண்ணாம்பு இறுகுவதற்குள் தண்ணீர் பறந்து, மாவாக உதிரும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வழக்கத்தில் இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

வடக்குப் பார்த்த அறைக்கு எப்போதும் நீலம் கலந்த குளிர்ந்த வெளிச்சம்தான் வரும் என்று வீட்டு அலங்காரப் புத்தகங்களில் எழுதியிருக்கும். அது ஐரோப்பாவுக்குச் சரி. மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாளிலிருந்து ஆவணி முதல் பத்து நாள் வரை நமக்கு உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்துதான் நிற்கும். காலையும் மாலையும் வடக்கு ஜன்னல் வழியே சாய்வாக வெயில் எட்டிப்பார்க்கும். ஆக, நம் வீட்டு வடக்கறைக்குக் கார்த்திகை, மார்கழியில் ஒரு முகம், ஆனி ஆடியில் வேறு முகம். இதைப் புத்தகம் சொல்லாது, சுவர்தான் சொல்லும். மேற்குச் சுவர் இன்னொரு கதை. சாயங்கால வெயில் ஏற்கெனவே செம்மஞ்சள். அங்கே அடர்ந்த மஞ்சளும் அடித்தால் அறை கொதிப்பதுபோலத் தெரியும். அந்த அறைக்கு மஞ்சள் காவியை மிகமிகக் குறைத்து, தயிர் நிறத்துக்குக் கொண்டுவந்தோம்.

ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். எங்கள் பின்கட்டு அறை ஜன்னல் வயலைப் பார்த்தது. பெரியாற்றுத் தண்ணீர் வந்து நடவு முடிந்துவிட்டால் அந்த அறை முழுக்கப் பச்சை வெளிச்சம் நிறைந்துவிடும். வெள்ளைச் சுவராக இருந்தால் அது சோகை பிடித்ததுபோல் வெளிறும். செங்காவியை ஒரு சிட்டிகை போல் கலந்து, ரோஜாவுக்கும் செம்மண்ணுக்கும் நடுவான ஒரு நிறம் அடித்தோம். யானைமலைப் பாறை சாயங்காலம் எடுக்கிற நிறம் அது. நெற்பயிரின் பச்சையும் சுவரின் சிவப்பும் சேரும்போது அந்த அறையில் யார் முகமும் அழகாகத் தெரிகிறது. என் அத்தை அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

அடுப்படிக்கு வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு போதும், புகை பிடித்தால் வருஷா வருஷம் ஒரு கை ஓட்டிவிடலாம். ஒன்று மட்டும் கவனம். வெள்ளை பளிச்சென்று தெரிய நீலப்பொடி கலப்பது ஊர் வழக்கம். நீலம் சேர்ந்தால் சுண்ணாம்பின் இயல்பான மஞ்சள் சாயல் அமுங்கி, வெள்ளை குளிர்ந்துவிடும். வெயில் தாங்காத மச்சறைக்கு அது அருமை. ஆட்கள் கூடி உட்காருகிற இடத்துக்கு வேண்டாம்.

இவ்வளவும் செய்துவிட்டு ராத்திரி டியூப் லைட்டைப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? மஞ்சள் காவி பச்சை தட்டிப்போகும். பல்பு டப்பாவில் 6500 கே என்று போட்டிருந்தால் அது நடுப்பகல் நீல வெளிச்சம். 2700 அல்லது 3000 கே என்று இருந்தால் பழைய குண்டு பல்பின் வெளிச்சம். கடையில் வார்ம் ஒயிட் என்று கேட்டால் தருவார்கள், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பட்டாசாலையில் விளக்கை மட்டும் மாற்றிய அன்றைக்குத் தெருவில் போன இரண்டு பேர் திண்ணைப் பக்கம் வந்து எட்டிப்பார்த்து, "என்ன மதினி, வீட்டுல விசேஷமா?" என்று கேட்டார்கள். இதைவிட ஒரு வர்ணத்துக்கு என்ன பாராட்டு வேண்டும்!

கான்கிரீட் வீட்டில் இருப்பவர்கள் ஏங்க வேண்டாம். சிமெண்ட் பூச்சுக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எமல்ஷனிலேயே இந்த நிறங்களைக் கொண்டுவரலாம். பளபளப்பு இல்லாத மேட் வகையாக வாங்குங்கள், கடை மெஷினில் மஞ்சள் காவிச் சாயமும் சிவப்புக் காவிச் சாயமும் இருக்கும், கூட ஒரு துளி கறுப்பு சேர்த்தால் புதுக்கருக்கு அடங்கும். சுண்ணாம்பின் ஆழம் முழுசாக வராது, ஆனால் அந்த இதம் வரும். மதுரையில் அண்ணன் வீட்டு ஹாலில் இப்போது அதற்குத்தான் இரண்டடிச் சதுரங்கள் அடித்து வைத்திருக்கிறோம். கிழக்குச் சுவருக்கு வெளிறிய மஞ்சள் காவிதான் என்று நானும் மதினியும் முடிவு கட்டிவிட்டோம். அண்ணன்தான் இன்னும் சாம்பல் நிறம் வேண்டும் என்று நிற்கிறார். காலை எட்டு மணி வெயிலில் ஒருநாள் அவரை அந்தச் சுவருக்கு எதிரே உட்காரவைத்துக் காபி கொடுக்கப் போகிறோம்.